லண்டனில் பத்து பவுண்ட் நாடக டிக்கெட்: சேலத்துப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் கன்சல்டன்சிக்காரர்கள் விசா, பேங்க் பேலன்ஸ், ஹாஸ்டல் எல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். நாடகம் பார்ப்பதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை, அதில் அவர்களுக்குக் கமிஷன் ஏது. ஆனால் செப்டம்பரில் மாஸ்டர்ஸுக்குக் கிளம்பும் பிள்ளைகளில், கல்லூரி மேடையில் ஏறிப் பழகிய இரண்டு மூன்று பேராவது ஆகஸ்டிலேயே வந்து கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணா, அங்கே ஏதோ இளைஞர் கிளப்பில் சேர்ந்தால் பத்து பவுண்டுக்கு நாடகம் பார்க்கலாமாமே, நிஜமா?"

நிஜம்தான். தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் நேஷனல் தியேட்டரில் 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு உறுப்பினர் திட்டம் இருக்கிறது. லண்டனிலேயே இருக்கும் பார்பிகன் சென்டர் என்ற கலை மையத்தில் 14 முதல் 25 வரை. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் அதே 14–25 வயதுக்குச் சலுகை வைத்திருக்கிறது. சேர்வதற்குக் காசு கிடையாது. டிக்கெட் பெரும்பாலும் 5, 10, 15 பவுண்ட் என்று வரும், விலையை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் அந்தந்தத் தளத்தில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டில் பேர்போன ஒரு நாடகத்துக்கு நல்ல சீட் 100 பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும் என்று தெரிந்தால், நம் காசுக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கும் இந்த டிக்கெட்டின் அருமை புரியும்.

அப்புறம் எங்கே சிக்கல் என்றால், இந்த டிக்கெட் ஆளோடு ஒட்டியது. நம் ஊரில் ஒருத்தன் போனை எடுத்துப் பத்துப் பேருக்கு சீட் போடுவான், வாட்ஸப்பில் க்யூஆர் கோடு அனுப்புவான், உள்ளே யார் போனாலும் வாசலில் நிற்பவருக்கு ஒரு கவலையும் இல்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதலில் வயது. 16–25 என்றால் பொதுவாக உங்கள் 26-வது பிறந்தநாள் வரை. கல்லூரி முடித்த கையோடு போகிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் நம் பக்கத்தில் பலர் கருப்பூரில் பி.இ. முடித்து, பெங்களூரில் மூன்று வருஷம் வேலை பார்த்து, லோன் போட்டு, அப்புறம்தான் கிளம்புகிறார்கள். போய் இறங்கும்போதே 25 முடியப்போகும். இவர்கள் நவம்பரில் டிக்கெட் எடுத்து மார்ச்சில் நாடகம் பார்க்கலாம் என்று திட்டம் போடுவார்கள், நடுவில் ஜனவரியில் பிறந்தநாள் வந்துவிடும். சில அரங்குகள் டிக்கெட் எடுத்த நாளில் இருந்த வயதைப் பார்க்கும், சில நாடகத்தன்று உள்ள வயதைப் பார்க்கும். விதிமுறைப் பக்கத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம் ரயில் கார்டு. பிரிட்டனில் 16–25 ரயில் கார்டு என்று ஒன்று இருக்கிறது, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயதைத் தாண்டினாலும் முழுநேர மாணவராக இருந்தால் அதை வாங்கலாம். "ரயிலுக்குக் கொடுத்தானே, நாடகத்துக்கும் கொடுப்பான்" என்று அதே கணக்கை இங்கேயும் போட்டுவிடுகிறார்கள். நாடகக் கிளப்புகளுக்குப் பிறந்த தேதிதான் கணக்கு, நீங்கள் படிக்கிறீர்களா வேலைக்குப் போகிறீர்களா என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. அதனால் 28 வயதில் பிஎச்டி படிக்கிறவர் மாணவர் டிக்கெட் தனியாக உண்டா என்று பாக்ஸ் ஆபீசில், அதாவது அரங்கின் டிக்கெட் கவுண்டரில், கேட்க வேண்டும். பல இடங்களில் உண்டு, நாடகத்தன்று மிச்சமிருக்கும் சீட்டை மாணவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பார்கள்.

அடுத்தது பெயர். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே செய்துவைத்த தலைவலி இது. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டையும் நிரப்பாமல் விடாது. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் "எஸ் கார்த்திகேயன்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து "கார்த்திகேயன் சுப்பிரமணியம்" என்று முழுதையும் முதல் பெயர் கட்டத்திலேயே போட்டிருப்பார்கள், பேங்க் கார்டில் இடம் போதாமல் "கார்த்திகேயன் எஸ்" என்று அடித்திருப்பார்கள். இதில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒருவர் கடைசிப் பெயருக்குப் புள்ளி வைக்கிறார், இன்னொருவர் இனிஷியலை மட்டும் தட்டுகிறார். கணக்கு திறந்துவிடும், டிக்கெட்டும் வந்துவிடும். வாசலில் அடையாள அட்டை கேட்கும்போதுதான் அந்தப் புள்ளி உறுத்தும்.

இதற்கு வழி ஒன்றுதான். பல்கலைக்கழகத்தில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ, அநேகமாக அது பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும், அதையே எல்லா இடத்திலும் அதே எழுத்தில், அதே வரிசையில் போடுங்கள். பேங்க் கணக்கு, ரயில் கார்டு, நாடகக் கிளப் எல்லாவற்றிலும். சுருக்கிக் கூப்பிடும் பெயர் வேண்டாம். அங்கே போனதும் வாயில் நுழையவில்லை என்று நண்பர்கள் ஒரு பெயர் வைப்பார்கள், கார்த்திகேயனைச் சுருக்கிய அந்த "கார்ட்" எல்லாம் காபிக் கடைக் கோப்பையில் எழுதுவதற்கு மட்டும் இருக்கட்டும்.

அடையாள அட்டை என்றதும் எல்லாரும் காலேஜ் ஐடியைத்தான் நீட்டுகிறார்கள். அதை எடுத்து ஒரு தரம் பாருங்கள், பிறந்த தேதி இருக்கிறதா? பல பல்கலைக்கழக அட்டைகளில் இருக்காது. படம், பெயர், ஒரு எண், அவ்வளவுதான். இந்தச் சலுகையோ வயதுக்கானது, எனவே பிறந்த தேதி இல்லாத அட்டையால் பிரயோஜனம் குறைவு. முன்பெல்லாம் வெளிநாட்டு மாணவர்களுக்கு பிளாஸ்டிக்கில் ஒரு குடியிருப்பு அட்டை கொடுத்தார்கள், அதில் பிறந்த தேதி இருந்தது, பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றலாம். இப்போது அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் இ-விசாவாக மாற்றிவிட்டார்கள், கையில் காட்ட அட்டை ஒன்றும் இல்லை. மிச்சமிருப்பது பாஸ்போர்ட். பத்து பவுண்ட் நாடகத்துக்காகப் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி லெஸ்டர் சதுக்கத்துக் கூட்டத்தில் அலைவது எனக்குப் பிடித்த யோசனை இல்லை. தொலைந்தால் தூதரகம், போலீஸ் என்று ஒரு மாதம் போய்விடும். வருஷக் கணக்கில் இருக்கப்போகிறவர்கள் தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள், அங்கே எல்லா இடத்திலும் செல்லும் அட்டை அது, கார் ஓட்டத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. இல்லாவிட்டால் ஐசிக் எனப்படும் சர்வதேச மாணவர் அட்டை இருக்கிறது, அதில் பிறந்த தேதி இருக்கும், இந்தியாவிலேயே வாங்கிக்கொண்டு போகலாம். நீங்கள் போகும் அரங்கு எதை ஏற்கும் என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கொண்டால் நிம்மதி. பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்துக் கேலரியில் வைத்திருப்பதை நம்பிப் போகாதீர்கள்.

சரி, வாசலில் தினமும் எல்லாரிடமும் கேட்பார்களா? இல்லை. பல நாள் ஸ்கேன் செய்து அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் அடுத்த தவறு நடக்கிறது, அப்பா அம்மாவை இந்த டிக்கெட்டில் கூட்டிப்போவது. பட்டமளிப்பு விழாவுக்கு சேலத்திலிருந்து பெற்றோர் வருவார்கள், பிள்ளைக்குத் தன் செலவில் ஒரு நல்ல நாடகம் காட்ட ஆசை, தன் கணக்கில் மூன்று டிக்கெட் போட்டுவிடும். முதலில், பல கிளப்புகளில் ஒரு நாடகத்துக்கு ஒன்றோ இரண்டோ டிக்கெட்தான். கூட வருகிறவரும் அந்த வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது சில இடத்தில் விதி, சில இடத்தில் இல்லை. அறியாமல் செய்துவிட்டு, வாசலில் ஊழியர் மரியாதையாக அம்மாவின் பிறந்த வருஷத்தைக் கேட்க, அம்மா அதற்கும் மரியாதையாக 1972 என்று சொல்லிவைக்க, மிச்சக் காசைக் கட்டச் சொல்லி நிற்க வேண்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெற்றோருக்கு முழு விலை டிக்கெட்டை அதே ஆர்டரில் தனி வகையாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள், பல தளங்களில் முடியும், பக்கத்துப் பக்கத்து சீட்டும் கிடைக்கும். அறுபது தாண்டியவர்களுக்கு முதியோர் சலுகை உள்ள இடங்களும் உண்டு.

பெற்றோர் வருகிறார்கள் என்றால் சீட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் சினிமாக் கொட்டகைக் கணக்கு அங்கே தலைகீழ். இங்கே திரைக்கு முன்னால் இருக்கும் வரிசைதான் மலிவு, பின்னால் போகப் போக, பால்கனிக்கு ஏற ஏற விலை கூடும். அங்கே மேடைக்கு எதிரே தரைத்தளத்தில் இருக்கும் ஸ்டால்ஸும் முதல் மாடியும் விலை கூடியவை, மேலே மேலே போனால் மலிவு. "பால்கனி டிக்கெட் இவ்வளவு குறைவா" என்று சந்தோஷமாக எடுத்துவிடுவார்கள். வெஸ்ட் எண்டின் பழைய அரங்குகளில் அந்த உச்சி மாடிக்கு லிஃப்ட் இருப்பது அபூர்வம், ஐந்தாறு மாடி அளவுக்குக் குறுகலான படி, மேலே போனால் சாய்வு செங்குத்தாக இருக்கும், முட்டி வலி உள்ள அம்மாவுக்கு நாடகம் ஆரம்பிக்கும் முன்பே இடைவேளை தேவைப்படும். எந்த மாடி, எத்தனை படி என்று டிக்கெட் பக்கத்திலேயே அணுகல் வசதி என்ற பகுதியில் போட்டிருப்பார்கள். இன்னொன்று, "பார்வை மறைக்கும்" என்று குறித்த சீட்டுகள். தூண் மறைக்கலாம், கைப்பிடிக் கம்பி மறைக்கலாம், மேடையின் ஒரு மூலை தெரியாமல் போகலாம். இளைஞர் சலுகையில் சில சமயம் இப்படிப்பட்ட சீட்டும் வரும். இசை நாடகத்துக்குச் சமாளிக்கலாம், இரண்டே பேர் ஒரு மூலையில் உட்கார்ந்து பேசும் நாடகத்துக்கு அந்த மூலை தெரியாவிட்டால் என்ன செய்வது. இளம் காலுக்கு உச்சி மாடி தப்பில்லை, அதுவும் தூண் இல்லாத நடுவரிசை கிடைத்தால் விடாதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போது லாகின் செய்யாமல் தேடுவது ஒரு சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி நடப்பது. உள்ளே நுழைந்து, சீட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு டிக்கெட் வகையில் உறுப்பினர் விலையை நீங்களே மாற்ற வேண்டியிருக்கும் இடங்கள் உண்டு. அவசரத்தில் முழு விலையைக் கட்டிவிட்டு மறுநாள் மெயில் எழுதினால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவார்கள் என்று நம்ப முடியாது.

சேலத்தில் இருக்கும்போதே முன்பதிவு செய்கிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பகல் 12 மணிக்கு விற்பனை திறக்கிறது என்றால் கோடைக்காலத்தில் நமக்கு மாலை 4.30, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்குப் பிறகு 5.30. சலுகை சீட்டுகள் எண்ணிச் சுட்ட பணியாரம், பேர்போன நடிகர் நடிக்கிறார் என்றால் ஒரு மணி நேரம் பிந்தினாலே ஒன்றும் மிஞ்சாது. இந்திய கார்டில் கட்டுவதானால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் முன்பே திறந்து வையுங்கள், 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய கார்டுகளில் அது மூடியே வரும். அங்கே போன பிறகும் இந்திய கார்டையே பயன்படுத்துகிறவர்களுக்கு ஓடிபி ஒரு பெரிய கதை. பழைய சிம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு பீரோவில் இருக்கும், அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு டிக்கெட் போட்டால் இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும், அம்மாவை எழுப்பி, கண்ணாடி தேடச் சொல்லி, ஆறு இலக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் கூடையில் இருந்த சீட் வேறொருவருக்குப் போயிருக்கும். அந்த ஊர் பேங்க் கணக்கு திறக்கும் வரை பொறுங்கள், மாற்றுக் கட்டணமும் மிச்சம்.

கூகுளில் நாடகத்தின் பெயரைத் தட்டினால் மேலே வருவது பெரும்பாலும் மறுவிற்பனைக்காரர்களின் விளம்பரம். அரங்கின் சொந்தத் தளத்துக்கே போங்கள், கிளப் விலை அங்கேதான் கிடைக்கும். கிளப்பில் சீட் தீர்ந்துவிட்டது என்று மனசு விட வேண்டாம், கிளப் மட்டுமே வழி என்று நினைப்பதும் ஒரு தவறுதான். லெஸ்டர் சதுக்கத்தில் 1980-லிருந்து இருக்கும் டிகேடிஎஸ் கடையில் குறைந்த விலை டிக்கெட் விற்கிறார்கள். சுற்றியுள்ள கடைகளும் "பாதி விலை" என்று பலகை மாட்டியிருக்கும், அவையெல்லாம் வேறு. ஷேக்ஸ்பியர் குளோபில் மேடை முன்னால் நின்று பார்க்கும் எழுநூறு இடங்கள் உண்டு, 5 பவுண்டிலிருந்து தொடங்கும், வயது வரம்பு, கிளப் எதுவும் தேவையில்லை. கூரை கிடையாது, குடை பிடிக்க விடமாட்டார்கள், தரையில் உட்காரவும் கூடாது. ஆடி மாசத்தில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த காலுக்கு மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை, மழைக்கோட்டு மட்டும் எடுத்துப்போங்கள்.

லண்டனுக்கு வெளியே படிக்கிறவர்கள் நமக்கு இதெல்லாம் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். நம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தது லீட்ஸில்தான், அதை முடித்து வந்து ஏற்காடு ரோட்டில் சினிமா ஸ்டூடியோ போட்டார். லீட்ஸோ மான்செஸ்டரோ, இருக்கிற ஊரில் நல்ல நாடக அரங்கு இருக்கும், இளைஞர் விலை உண்டா என்று பாக்ஸ் ஆபீசில் கேளுங்கள். லண்டன் அளவுக்குப் போட்டியும் இருக்காது.

நேரத்துக்குப் போங்கள். 7.30 என்றால் 7.30. நம்மூர் மாதிரி விளம்பரம் ஓடி முடியட்டும் என்று பாப்கார்ன் வாங்க நின்றால் கதவை மூடிவிடுவார்கள், நடுவில் தோதான இடம் வரும்போதுதான் உள்ளே விடுவார்கள், இடைவேளை இல்லாத நாடகமாக இருந்தால் உள்ளே விடாமலே போகலாம்.

போக முடியாமல் போனால் டிக்கெட்டை வாட்ஸப் குழுவில் விற்க வேண்டாம், வாங்குகிறவரின் பெயரும் வயதும் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் முன்பே பாக்ஸ் ஆபீசுக்கு எழுதினால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள், அல்லது சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு கணக்கில் வரவு வைப்பார்கள். சலுகை டிக்கெட்டுக்கு இது கிடையாது என்று சொல்லும் அரங்கும் இருக்கிறது, அங்கே அந்தப் பத்து பவுண்ட் போனதுதான்.