மலைப்பாதைக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையில் தினமும் ஏறி இறங்க வேண்டிய வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. கோவையிலோ சேலத்திலோ ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் எந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் சிட்டாகப் பறக்கும். அதே வண்டி குன்னூரிலோ ஏற்காட்டிலோ பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு ஏறும்போது எப்படி இருக்கும் என்பதை அந்த ஓட்டம் சொல்லாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் வேகமும் ரேஞ்சும் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்) மலைக்காரருக்கு அதிகம் உதவாத எண்கள். அவர் கேட்க வேண்டியவை வேறு.

250 வாட் வண்டியை நம்புவது

லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்று விற்கும் வண்டிகளுக்கு விதியே ஒரு வரம்பு வைத்திருக்கிறது: மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய பவர் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள். ஊருக்குள் காய்கறி வாங்கப் போக இது போதும். மலையில் கணக்கு உதைக்கும். பேட்டரியோடு வண்டி 80 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் சாலையில், 250 வாட் இந்த எடையை மணிக்கு 6, 7 கி.மீ. வேகத்தில்தான் இழுக்கும். வேகமாக நடப்பவர் தாண்டிப் போய்விடுவார். மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் கொஞ்ச நேரம் கூடுதல் கரன்ட் கொடுத்துச் சமாளிக்கும். பிறகு மோட்டார் சூடேறி, வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும்.

8 சதவீதம் அசாதாரணமான ஏற்றமும் அல்ல. நீலகிரி மலை ரயில் 12 அடிக்கு ஒரு அடி, அதாவது 8.3 சதவீதம் ஏறுகிறது. அதற்கே தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் தேவைப்பட்டது. சாலையில் கொண்டை ஊசி வளைவின் உட்புறம் இதைவிடச் செங்குத்தாக இருக்கும்.

ஆனால் இதே 250 வாட் மோட்டார், கியர் உள்ள எலக்ட்ரிக் சைக்கிளில் நன்றாகவே உழைக்கும். சைக்கிள் 25 கிலோதான், கால்களும் 100 வாட் அளவுக்குச் சேர்த்துக் கொடுக்கும். தனியாகப் போகிறவர், மிதிக்கத் தயங்காதவர் என்றால் அதையும் யோசிக்கலாம். மோட்டார் பெடல் அச்சில் இருக்கும் மாடலாகப் பாருங்கள். அதில்தான் மோட்டாரும் உங்கள் கியரைப் பயன்படுத்திக்கொள்ளும்.

உச்சப் பவரைப் பார்த்து மயங்குவது

பட்டியலில் ‘பீக் பவர் 6 கிலோவாட்’ என்று இருக்கும். அது சில நொடிகளுக்குக் கிடைப்பது, சிக்னலில் சீறிக் கிளம்ப உதவுவது. மலைக்குத் தேவை நிற்காமல் அரை மணி நேரம் தரக்கூடிய பவர். வண்டி 120 கிலோ, இரண்டு பேர் 140 கிலோ, ஆக 260 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக, டயர் உராய்வும் காற்றும் சேர்த்துச் சக்கரத்தில் சுமார் 2.2 கிலோவாட் வேண்டும். 12 சதவீதத்தில் 3 கிலோவாட்டைத் தாண்டும். எனவே இருவர் போகும் வண்டியில் தொடர் பவர், அதாவது ‘ரேட்டட்’ அல்லது ‘கன்டினியூயஸ்’ என்று குறிப்பிடப்படுவது, 3 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது. இந்த எண்ணைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மோட்டாரின் இழுவிசை கரன்ட்டைப் பொறுத்தது. சூடோ கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது: கரன்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது. இடையில் கியர்க் குறைப்பு இல்லை என்றால் ஏற்றத்தில் அதிக கரன்ட் இழுக்க வேண்டும், சூடும் சீக்கிரம் வெளியேறாது. நடுவில் மோட்டார் வைத்து பெல்ட் அல்லது செயின் வழியாக இழுக்கும் வண்டி, அதே ஏற்றத்தைக் குறைந்த கரன்ட்டில் ஏறிவிடும். நீண்ட மலைப்பாதைக்கு இந்த இரண்டாவது வகையையே தேடச் சொல்வோம்.

சூட்டைப் பற்றி இன்னொன்று. மெதுவாகப் போனால் மோட்டாருக்குச் சிரமம் குறையும் என்று பலர் சார்ஜை மிச்சம் பிடிக்கும் ஈகோ மோடில் ஊர்கிறார்கள். ஏற்றத்துக்குத் தேவையான இழுவிசை வேகத்தால் பெரிதாக மாறுவதில்லை. 15 கி.மீ. வேகத்தில் ஏறினால் கிட்டத்தட்ட அதே சூடு, 30 கி.மீ. வேகத்தில் போவதைவிட இரண்டு மடங்கு நேரம் மோட்டாருக்குள் தேங்கும். சாலை அனுமதிக்கும் இடத்தில் 25 முதல் 35 வரை சீராகப் போவதே நல்லது.

டிகிரியையும் சதவீதத்தையும் குழப்பிக்கொள்வது

ஏறும் திறனைச் சில நிறுவனங்கள் டிகிரியில் போடும், சில சதவீதத்தில் போடும். 18 டிகிரி என்றால் 32 சதவீதத்துக்கு மேல். 18 சதவீதம் என்றால் வெறும் 10 டிகிரி. வெறுமனே ‘18’ என்று போட்டிருந்தால் எதில் என்று கேட்காமல் ஒப்பிடாதீர்கள். எத்தனை கிலோ சுமையோடு, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவர் மட்டும் ஏறி அளந்த எண், குடும்பத்தோடு போகிறவருக்குப் பொருந்தாது.

ரேஞ்சைக் கிலோமீட்டரில் மட்டும் பார்ப்பது

சான்றிதழ் ரேஞ்ச் என்பது சோதனைக்கூடத்தில் சுழலும் உருளைமேல் வண்டியை ஓட்டி அளப்பது. அதில் மலை இல்லை. உங்கள் பாதையில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்பதைப் போன் வரைபடத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 260 கிலோ சுமைக்கு ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் பேட்டரியிலிருந்து சுமார் 90 வாட்-அவர் போகும் (1000 வாட்-அவர் சேர்ந்தால் ஒரு யூனிட்). சமதளத்தில் அந்தத் தூரத்துக்கு ஆகும் செலவு தனி.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 18 கி.மீ., ஏற்றம் கிட்டத்தட்ட 400 மீட்டர். சமதளத்தில் அந்தத் தூரத்துக்கு 0.4 யூனிட் ஆகும் என்றால் இங்கே முக்கால் யூனிட். திரும்பி வரும்போது ஏறக்குறைய செலவே இல்லை என்பதால் போய்வரும் மொத்தக் கணக்கு பயமுறுத்துவதாக இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வேறு கதை: 1500 மீட்டர் ஏற்றம், இருவருக்கு 2 யூனிட் வரை. 3 யூனிட் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஏற்றத்தில் தீர்ந்துவிடும்.

வீடு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. வீடு கீழே, வேலை மேலே என்றால் காலையில் முழுச் சார்ஜில் ஏறுகிறீர்கள். வீடு மேலே என்றால், நாள் முழுக்க ஓடி மிச்சமிருக்கும் சார்ஜில் மாலையில் ஏற வேண்டும். பேட்டரி 20 சதவீதத்தை நெருங்கும்போது பல வண்டிகள் பவரைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் அதிக கரன்ட் இழுக்கும்போது வோல்டேஜ் சரிவதால் அது இன்னும் முன்னதாகவே நடக்கலாம். இப்படிப்பட்டவர் ஏற்றத்தின் அடிவாரத்துக்கு 50 சதவீதத்தோடு வந்து சேரும் அளவுக்குப் பேட்டரி வாங்க வேண்டும், அல்லது வேலையிடத்தில் சார்ஜ் போட இடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். விலை குறைவென்று லெட்-ஆசிட் பேட்டரி வண்டி எடுப்பதை அறவே விடுங்கள். எடையும் கூடுதல், அதிக கரன்ட் இழுத்தால் அதன் கொள்ளளவே சுருங்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் பெட்ரோல் என்ஜின் இளைக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் மின்மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை.

இறக்கத்தை மறந்துவிடுவது

எல்லோரும் ஏற்றத்தைக் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான். 260 கிலோ எடை 1500 மீட்டர் இறங்கும்போது ஒரு யூனிட்டுக்கு மேல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். பெட்ரோல் வண்டியில் என்ஜின் பிடிக்கும். இங்கே அந்த வேலையை ரீஜென் செய்கிறது, அதாவது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்புகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அனுப்ப இடம் இல்லை. ரீஜென் வேலை செய்யாது, அல்லது பெயருக்குச் செய்யும்.

மலைமேல் குடியிருப்பவர் இரவு முழுக்க 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கும்போது நடப்பது இதுதான். முழுச் சுமையும் பிரேக்கில் விழுகிறது. டிரம் பிரேக் சூடேறி, லிவரைப் பிடித்தாலும் பிடிக்காத நிலைக்கு வரும். இறங்க வேண்டிய நாளில் 80 - 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்ஜ் அளவை முன்கூட்டியே குறிக்கும் வசதி வண்டியில் இருந்தால் மலைக்காரருக்கு அது பெரிய உதவி. முன் சக்கரத்தில் டிஸ்க் இல்லாத வண்டியை மலைக்கு வாங்காதீர்கள். லிவரைத் தொடர்ந்து லேசாகப் பிடித்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகம் குறைத்துவிட்டுப் பிரேக்கை ஆறவிடுங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க வண்டியை அணைத்து உருட்டும் பழைய பழக்கத்தை இதில் தொடரவே கூடாது. அணைத்தால் ரீஜெனும் போகும், விளக்கும் போகும்.

ரீஜென் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். மூடுபனியில் நனைந்த வளைவில் அது பலமாகப் பிடித்தால் பின்பக்கம் வழுக்கும். ஆகவே அதன் அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

குளிர், ஈரம், சரிவு

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழ் சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். அதனால் நல்ல வண்டி சார்ஜையே மறுத்துவிடும். வந்து நிறுத்தியவுடன், பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கும்போதே சார்ஜ் போடுங்கள். வண்டியை வெட்டவெளியில் நிறுத்துகிறவர்கள் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடிய பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மழைக்கு பேட்டரியின் காப்பு ஐபி67, அதாவது தூசியும் தண்ணீரும் புகாத தரம், இருக்கட்டும். வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் சோதித்த பிறகே சார்ஜர் செருகுங்கள்.

கியர் பைக்கைச் சரிவில் முதல் கியரில் போட்டு நிறுத்துவோம். ஸ்கூட்டரில் கியர் இல்லை, அணைத்ததும் சக்கரம் தாராளமாக உருளும். பார்க்கிங் பிரேக் அல்லது லிவர் பூட்டு இருக்கிறதா, ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 10 அங்குலச் சக்கரத்தைவிட 12 அங்குலம் குழியில் நிதானம் தரும்.

சோதனை ஓட்டத்தை உங்கள் பாதையிலேயே கேளுங்கள். பேட்டரி 40 சதவீதத்துக்கு அருகில் இருக்கட்டும், பின்னால் வழக்கமாக வருபவரே உட்காரட்டும். பாதையிலேயே செங்குத்தான இடத்தில் முழுதாக நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். பிறகு 15 நிமிடம் விடாமல் ஏறுங்கள். வேகம் தானாகக் குறைகிறதா, திரையில் சூட்டு எச்சரிக்கை வருகிறதா, எத்தனை சதவீதம் போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கி நின்றதும் இரண்டு பிரேக் லிவரும் ஏறும்முன் இருந்த அதே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பிடித்துப் பாருங்கள். பக்கத்துச் சர்வீஸ் சென்டர் மலையிலா, அடிவாரத்திலா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். வண்டி நின்றுபோனால் அதை ஏற்றி இறக்கும் டெம்போ வாடகை யார் தலையில் விழும் என்பது வாரன்டித் தாளில் இருக்க வேண்டும்.