வட்டக்கானல் டூ கும்பக்கரை: மருந்துப்பைல என்ன வைக்கணும்

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவி கிராமம் வழியா பெரியகுளம் பக்கத்து கும்பக்கரைக்கு நடந்து இறங்குறவங்க மருந்துப்பைய கால் கிலோவுக்குள்ள முடிச்சிடுங்க, டப்பால்லாம் வேணாம், ஒரு ஜிப் கவர் போதும். பெரும்பாலும் இறக்கம்ங்கிறதால முட்டியும் கால் விரலும்தான் மொதல்ல வாங்கும், அதுக்கு ஒரு கிரேப் பேண்டேஜ், அப்புறம் பேப்பர் டேப், ரோலோட தூக்காம பழைய பேனா மேல ரெண்டு மீட்டர் சுத்திக்கங்க, ஷூ உரசி சூடேறும்போதே உக்காந்து ஒட்டிடணும், கொப்புளம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க ப்ளீஸ்.

மழை நேரம்னா அட்டை இருக்கும். பிச்சு இழுக்காம நகத்தால ஓரமா தள்ளுங்க, அதோட எச்சில்ல இருக்குற ஒரு பொருளால ரத்தம் சீக்கிரம் உறையாது, பயப்படாம காஸ் துணி வச்சு அழுத்திப் பிடிங்க.

பீட்டாடின் சின்ன ட்யூப், ஓஆர்எஸ் ரெண்டு, உங்க வழக்கமான மாத்திரை. பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, நடக்க விடாம தூக்கிட்டு வாங்க, சிக்னல் கிடைச்சதும் 108.