தடிமன் போன பிறகும் போகாத இருமல்

காய்ச்சல் விட்டாலும் இருமல் 3 முதல் 8 வாரம் வரை இழுக்கலாம். வைரஸ் போயிருக்கும், மூச்சுக்குழாயின் உட்சுவர் ஆறத்தான் நாள் எடுக்கும். அதுவரை புகை, தூசு, குளிர்காற்று எது பட்டாலும் இருமல் கிளம்பும். அன்டிபயாட்டிக் கேட்டுப் பாமசியில் நிற்பதில் பயனில்லை.

எங்கள் வீட்டில் முதலில் நிறுத்தியது நுளம்புத்திரி. வலை கட்டினோம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் அம்மா முணுமுணுத்தபடி முற்றத்துக்கு மாற்றினார்.

படியேறி மூச்சு வாங்கினால் நின்று, தோளைத் தளர்த்தி, மூக்கால் 2 எண்ணும் வரை இழுங்கள். விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல் உதட்டைக் குவித்து 4 எண்ணும் வரை விடுங்கள்.

வெயில் ஏறுமுன் நான் மட்டக்களப்பில் பழைய கல்லடிப் பாலத்தில் நடப்பேன். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. வசனம் பாதியில் அறுந்தால் கைப்பிடியில் சாய்ந்து களப்பைப் பாருங்கள், அவசரமில்லை. மறுநாள் எழும்பவே அலுப்பாக இருந்தால் தூரத்தைக் குறையுங்கள்.

இரவில் தலையணையை உயர்த்தி, ஒரு கரண்டி தேன். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கூடாது. முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்கள் வழமையாக இழுக்கும் பம்பை (இன்ஹேலரை) நிறுத்த வேண்டாம்.

இருமல் 2 வாரம் தாண்டினால் காசநோயா என்று சளியைப் பரிசோதிப்பது நல்லது. அரசாங்க மார்புச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். வெட்கப்பட ஏதுமில்லை. சளியில் இரத்தம், நெஞ்சு நோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், விட்ட காய்ச்சல் திரும்புவது என்றால் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.