கிட் பையைப் பிள்ளையே தூக்கட்டும்: விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் விடும் தவறுகள்

சனிக்கிழமை காலையில் கொழும்பின் எந்தப் பாடசாலை மைதானத்து வாசலிலும் இதைப் பார்க்கலாம்: தோளில் கிரிக்கெட் கிட் பையோடு அப்பா முன்னே நடக்க, பன்னிரண்டு வயது மகன் வெறுங்கையோடு பின்னால் வருகிறான். விளையாட்டு தலைமைத்துவத்தைக் கற்றுத்தரும் என்று நம்பித்தான் பிள்ளையை அனுப்புகிறோம். ஆனால் அது கற்கப்படும் சின்னச் சின்ன வேலைகளை நாமே பறித்துக்கொள்கிறோம்.

முதல் நாள் இரவே பையை அவன் அடுக்கட்டும். கிளவுஸை மறந்தால் மறக்கட்டும். காலி வீதி நெரிசலுக்குள் திரும்பி ஓடிப்போய் எடுத்துவராதீர்கள். கூட விளையாடுபவனிடம் இரவல் கேட்பதும், சேரிடம் போய் "மறந்துட்டேன்" என்று சொல்வதும் அவன் பழகவேண்டியவை. ஹெல்மட்டும் உடலைக் காக்கும் கார்டும் மட்டும் விதிவிலக்கு. அவை உயிர், உடல் சம்பந்தப்பட்டவை என்பதால் நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த தவறு, அணியில் இடம் கிடைக்காத அன்றிரவே கோச்சுக்கு அழைப்பு எடுப்பது. கேட்கவேண்டியவன் பிள்ளை. போட்டி முடிந்த கையோடு வேண்டாம், அடுத்த பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், "சேர், நான் எதைத் திருத்தணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். காயம், அடி, அவமானப்படுத்தல் என்றால் விஷயம் வேறு. அங்கே பிள்ளையை முன்னால் தள்ளாமல் நீங்களே உடனே போகவேண்டும்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதால் வரும் கேடு பலருக்குப் புரிவதில்லை. பதின்மூன்று வயது அணித்தலைவன் ஒருவன் கவர் என்ற இடத்தில் நிற்பவனை எதிர்ப்பக்கத்து மிட்விக்கெட்டுக்கு மாற்றுகிறான். மரநிழலிலிருந்து ஓர் அப்பா, "டேய், அங்கேயே நில்லு!" என்கிறார். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கிவிட்டார். நடுவில் நிற்கும் பையன் இரண்டு பக்கமும் பார்க்கிறான். அந்தப் பந்து பவுண்டரிக்குப் போனால் தலைவன் கற்கும் பாடம், தன் முடிவுக்கு மதிப்பில்லை என்பதுதான். அவன் தவறாகவே மாற்றியிருக்கட்டும். இரண்டு ஓவரில் அவனுக்கே தெரியவரும். பிடியைத் தவறவிட்டவனிடம் அடுத்த பந்துக்கு முன் என்ன சொல்வது, களைத்த பந்துவீச்சாளரை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் வெளியிலிருந்து சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

மிகவும் ஆபத்தான தவறு பந்துவீச்சுக் கணக்கில் இருக்கிறது. பாடசாலை அணி, அகாடமி, தனிக் கோச் என மூன்று இடங்களில் வீசுகிறான். மூன்றையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை வகுத்த அளவை எடுத்துக்கொள்ளலாம்: 13 வயதுக்குட்பட்டோர் தொடர்ந்து 5 ஓவர், ஒரு நாளைக்கு 10, 15 வயதுக்குட்பட்டோர் தொடர்ந்து 6, நாளைக்கு 12. வளரும் முதுகெலும்பு இதைத் தாண்டிய சுமையைத் தொடர்ந்து தாங்காது. கீழ்முதுகு எலும்பில் நுண்ணிய வெடிப்பு விழக்கூடும். பின்னால் வளையும்போது நாரியின் (கீழ்முதுகின்) ஒரு பக்கம் நோகிறது என்று பிள்ளை சொன்னால் எண்ணெய் தடவிச் சமாளிக்காதீர்கள். பந்துவீச்சை அன்றே நிறுத்தி, விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு சின்னக் கொப்பியில் வலைப்பயிற்சி உட்பட வீசிய பந்துகளைப் பிள்ளையே எழுதி வரட்டும். "இன்றைக்குப் போதும் சேர்" என்று சொல்லும் துணிவுக்கு அந்தக் கொப்பி துணை நிற்கும்.

பத்து வயதிலேயே "இவன் வேகப்பந்துதான்" என்று முத்திரை குத்துவதும் வேண்டாம். மிதவேகத்தில் தொடங்கிய முத்தையா முரளிதரன், பாடசாலைக் கோச்சின் யோசனையில் சுழலுக்கு மாறியது 14 வயதில். நீச்சலோ கால்பந்தோ கூடவே இருக்கட்டும். கிழமையில் ஒரு நாளாவது முழு ஓய்வு கட்டாயம்.

வெயிலைப் பற்றி ஒன்றே ஒன்று: தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு தண்ணீர்.

கடைசியாக, மார்க்ஸ் குறைந்தால் விளையாட்டை நிறுத்துவது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பயிற்சியைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அப்போது டியூஷன் நேரங்களையும் பயிற்சி நாட்களையும் ஒரே தாளில் பிள்ளையே எழுதட்டும். எந்த இரண்டு நாள் வரமுடியும் என்பதை அவனே சேரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தலைவனாக இருந்தால், வராத நாட்களில் அணியை யார் பார்ப்பது என்ற பெயரும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.