புரதக் கைனேசு பாதையை ஒரே ஏ4 தாளில் கீறுவது எப்படி?

புரதக் கைனேசு என்பது ஏ.ரி.பியிலிருந்து ஒரு பொசுபேற்றை எடுத்து ஒரு புரதத்தில் ஏற்றும் நொதியம். இவற்றை ஒவ்வொன்றாகப் பாடமாக்க வெளிக்கிட்டால் முடிவே இல்லை, மனித மரபணுத்தொகுதியில் மட்டும் 500 க்கு மேல் இருக்கின்றன. அதனால் ஒன்றை எடுத்து, அதன் பாதையைத் தொடக்கத்திலிருந்து நிற்பாட்டும் வரைக்கும் கீறிப் பழகுங்கள். நான் எடுப்பது புரதக் கைனேசு ஏ. உயர்தர உயிரியல் முடித்துவிட்டு கம்பஸுக்கு வந்திருக்கும் முதல் வருடப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆகவே ஏ.ரி.பி என்றால் என்ன, ஓமோன் என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே வராது.

தேவையானவை: கோடு போடாத ஏ4 தாள், பென்சில், ஒரு சிவப்புப் பேனை, ஒரு நீலப் பேனை. போனில் படம் கீறும் செயலிகள் வேண்டாம். அம்புக்குறிக்கு நிறம் தேடிக்கொண்டிருக்கும்போது அடுத்தது என்ன என்ற யோசனை நின்றுவிடும்.

படி 1: இழையத்தை முடிவுசெய்யுங்கள்

தாளின் மேலே பெரிதாக "வன்கூட்டுத்தசை, அதிரினலின்" என்று எழுதுங்கள். ஒழுங்கைக்குள் நாய் துரத்துகிறது, நீங்கள் ஓடுகிறீர்கள், அதுதான் நிலைமை. ஈரலையும் தசையையும் ஒரே படத்தில் கலக்க வேண்டாம். ஈரலில் வேலை செய்யும் குளுக்ககன் என்ற ஓமோனுக்கு வன்கூட்டுத்தசையில் வாங்கி இல்லை. தசை தன் கிளைக்கோசனை உடைத்தாலும் குளுக்கோசைக் குருதிக்குக் கொடுக்காது, தானே எரித்துவிடும். ரியூசன் குறிப்புகளில் இரண்டும் ஒரே படத்தில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்று கையில் இருந்தால் மூடி வையுங்கள்.

படி 2: மென்சவ்விலிருந்து சக்கர ஏ.எம்.பி வரை

அதிரினலின், பீற்றா வாங்கி, ஜீ புரதம், அடினைலில் சைக்கிளேசு, சக்கர ஏ.எம்.பி. ஐந்து பெயர், நாலு அம்பு. கடைசியில் உள்ள சக்கர ஏ.எம்.பிதான் ஓமோனின் செய்தியைக் கலத்துக்குள் கொண்டுபோகும் சிறு மூலக்கூறு. இதில் மினக்கெட வேண்டாம்.

படி 3: கைனேசு விடுபடும் இடம்

புரதக் கைனேசு ஏயில் நாலு துண்டுகள் உண்டு: இரண்டு சீராக்கும் துண்டு, இரண்டு ஊக்கும் துண்டு. சும்மா இருக்கும்போது சீராக்கும் துண்டின் ஒரு பகுதி ஊக்கும் துண்டின் உயிர்ப்பு மையத்துக்குள் போய், பூட்டுக்குள் உடைந்த சாவித்துண்டு கிடப்பதுபோல அடைத்துக்கொண்டு நிற்கும். சீராக்கும் துண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கர ஏ.எம்.பி பிணைந்ததும் பிடி தளர்ந்து ஊக்கும் துண்டு வேலைக்கு வரும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் சக்கர ஏ.எம்.பியிலிருந்து புரதத்துக்கு ஒரு பொசுபேற்றைக் கீறிவிடுகிறார்கள். சக்கர ஏ.எம்.பி எதையும் கொடுப்பதில்லை, பிணைகிறது, அவ்வளவுதான். பொசுபேற்று வருவது ஏ.ரி.பியின் கடைசிப் பொசுபேற்றிலிருந்து, அதுவும் மகனீசியம் பக்கத்தில் இருந்தால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் புரதத் தரவு வங்கியில் 1ஏரிபி (1ATP) என்ற கட்டமைப்பை எடுங்கள். கட்டமைப்பைத் திருப்பிப் பார்க்கும் மென்பொருள்களில் பைமோலை விட எனக்குக் கைமேராஎக்ஸ்தான் பிடிக்கும், படிக்கிறவர்களுக்கு இலவசம். மடிகணினி இல்லாவிட்டால் தரவு வங்கியின் இணையப்பக்கத்திலேயே திருப்பிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தக் கட்டமைப்பில் தெரியும் உலோகம் மங்கனீசு, மகனீசியம் அல்ல. படிகமாக்கும்போது அப்படிச் செய்திருக்கிறார்கள், குழம்ப வேண்டாம்.

படி 4: ஒரு கைனேசு, இரண்டு எதிர் விளைவு

எல்லோரும் இழுபடும் படி இதுதான், நானும் இதில்தான் இழுபட்டேன். கைனேசிலிருந்து இரண்டு அம்புகளைக் கீறுங்கள்.

முதல் அம்பு பொசுபரிலேசுக் கைனேசுக்கு. அதில் பொசுபேற்று ஏறினால் அது வேலை செய்யத் தொடங்கும், அது போய் கிளைக்கோசன் பொசுபரிலேசின் 14 ஆவது அமினோ அமிலமான செரினில் இன்னொரு பொசுபேற்றை ஏற்றும், பொசுபரிலேசும் எழும்பி கிளைக்கோசனை உடைக்கும். இரண்டாவது அம்பு கிளைக்கோசனைக் கட்டும் நொதியமான கிளைக்கோசன் சிந்தேசுக்கு. அதிலும் அதே பொசுபேற்றுத்தான் ஏறுகிறது, ஆனால் சிந்தேசு படுத்துவிடும்.

"பொசுபேற்று ஏறினால் நொதியம் வேலை செய்யும்" என்று பாடமாக்கியிருந்தால் இங்கே படம் உடையும். பொசுபேற்றுக்கு என்று ஒரு கட்டளை கிடையாது. செரினின் ஐதரொட்சில் கூட்டத்தில் முன்பு ஏற்றம் இல்லை, இப்போது இரண்டு மறை ஏற்றம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது பக்கத்திலுள்ள நேர் ஏற்றமுள்ள ஆர்ஜினின்களை இழுக்கும், சங்கிலி இடம் மாறும், வடிவம் மாறும். மாறிய வடிவம் வேலைக்கு உதவுமா கெடுக்குமா என்பது அந்தந்தப் புரதத்தைப் பொறுத்தது. கலத்துக்கும் இதுதான் வசதி. ஒரே சமிக்ஞையால் உடைப்பதைத் தொடக்கி, கட்டுவதை நிற்பாட்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் சக்தி வீண்.

ஆகவே "பொசுபேற்று" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். வேலை கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம், ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டாயம் போடுங்கள்.

இன்னொரு குழி. பொசுபரிலேசு கிளைக்கோசனை உடைத்துத் தருவது குளுக்கோசு-1-பொசுபேற்று. அந்தப் பொசுபேற்று கைனேசு கொண்டுவந்ததும் அல்ல, ஏ.ரி.பியிலிருந்து வந்ததும் அல்ல. கலத்துக்குள் சும்மா கரைந்திருக்கும் அசேதனப் பொசுபேற்று. இதை வேறு குறியால் காட்டுங்கள்.

1950களில் சியாற்றிலில் எட்வின் கிரெப்சும் எட்மண்ட் பிஷரும் புரதத்தில் பொசுபேற்று ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தது இதே பொசுபரிலேசில்தான். நோபல் பரிசு 1992 இல்தான் வந்தது. சக்கர ஏ.எம்.பியைக் கண்டுபிடித்த சதர்லாந்துக்கு அதற்கு முன்பே, 1971 இல்.

படி 5: நிற்பாட்டுவது

நாய் போய்விட்டது. செரினில் ஏறிய பொசுபேற்று தானாக விழாது, பொசுபற்றேசு வந்துதான் கழற்ற வேண்டும். கழற்றினால் பொசுபரிலேசு படுக்கும், சிந்தேசு எழும்பும். மறுபக்கம் பொசுபோடைஎசுத்தரேசு சக்கர ஏ.எம்.பியை உடைக்கும். இந்த இரண்டும் இல்லாத படம் அரைப் படம்.

தேத்தண்ணியில் இருக்கும் கஃபீன் பொசுபோடைஎசுத்தரேசைத் தடுப்பதால்தான் உசார் வருகிறது என்று பலர் எழுதுகிறார்கள். தடுக்கும்தான், ஆனால் அதற்கு ஒரு கோப்பையில் கிடைப்பதைவிட எவ்வளவோ கூடிய அளவு வேண்டும். உசார் வருவது பெரும்பாலும் அடினோசின் வாங்கிகளை அது மறிப்பதால்.

படி 6: படத்தைக் குழப்பிப் பாருங்கள்

பொசுபரிலேசின் 14 ஆவது செரினை, ஐதரொட்சில் கூட்டம் இல்லாத அலனினாக மாற்றினால்? கைனேசு வந்தாலும் பொசுபேற்றை வைக்க இடமில்லை, அந்த வழி அடைபடும். ஆனாலும் தசையில் சாதாரண ஏ.எம்.பி உயர்ந்தால் பொசுபரிலேசு ஓரளவு வேலை செய்யும். பொசுபற்றேசைத் தடுத்தால்? இதை நீங்களே பேனையால் ஓட்டிப் பாருங்கள், விடை எழுதப்போவதில்லை.

பிற்சேர்க்கை: ஒரு தம்பி நல்ல கேள்வி கேட்டிருந்தார். "அண்ணா, ஓடத் தொடங்கினவுடனேயே தசை சுருங்குதே, அதிரினலின் குருதியில் வந்து சேரும்வரைக்கும் கிளைக்கோசன் காத்துக்கொண்டா இருக்கும்?" காத்திருக்காது. பொசுபரிலேசுக் கைனேசின் துண்டுகளில் ஒன்று கல்மொடியுலின், அது கல்சியத்தைப் பிடிக்கும். தசையைச் சுருக்க வெளிவரும் அதே கல்சியம் அதில் பிணைந்ததும் நொதியம் ஓரளவு வேலை செய்யத் தொடங்கிவிடும், பொசுபேற்றும் ஏறினால் முழு வேகம். ஆகவே உங்கள் படத்தில் பொசுபரிலேசுக் கைனேசுப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கல்சியம் என்று இன்னொரு சிவப்பு அம்பு போடுங்கள்.