முக்கோணமாக வெட்டாமலே முக்கோணச் சதுரம்

பேட்ச்வொர்க் குயில்ட்டில் (துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையில்) இரண்டு நிற முக்கோணம் சேர்ந்த சதுரம் வேண்டுமென்றால், துணியை முதலில் முக்கோணமாக வெட்டாதீர்கள். தைத்து முடித்தபின் வேண்டிய அளவைவிட 1 அங்குலம் கூடுதலாக இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு சதுரம் வெட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டு, அதன் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, அப்புறம் கோட்டிலேயே வெட்டுங்கள். ஒரே மூச்சில் இரண்டு சதுரம் கிடைக்கும்! 3 அங்குலச் சதுரத்துக்கு 4 அங்குலத் துணி. தைத்து, இஸ்திரி போட்டபின் தையலுக்கான இடத்தோடு மூன்றரை அங்குலமாகச் சீராக்குங்கள்.

மூலைவாட்டில் வெட்டிய ஓரம் தொட்டாலே இழுபடும். இங்கே தைத்த பிறகுதான் அந்த ஓரம் வெட்டுப்படுகிறது, அதனால் கோணல் வராது. இஸ்திரியையும் இழுத்துத் தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

ஒரே திசையில் நிற்கும் பூ அச்சுக்கு இது சரிவராது, ஒன்றில் பூ தலைகீழாகிவிடும். ஒவ்வொரு முக்கோணமும் வேறு வேறு துணி என்றாலும் தனித்தனியாகத்தான் வெட்ட வேண்டும்.