மேலே பட்டு, அடியில் சடை

நீள முடி நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "தினமும் பிரஷ் பண்றோமே, அப்புறம் எப்படி சடை விழுது?" பொய் சொல்வதில்லை. பிரஷ் தினமும்தான் போகிறது, ஆனால் மேல்முடியோடு திரும்பிவிடுகிறது. முதுகைத் தடவினால் பட்டுப்போல் இருக்கும். காதுமடலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள், சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு தட்டுப்படும்.

வீட்டுப் பராமரிப்பில் நடக்கும் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். முடியை இடது கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடெடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஒரு சிறு கற்றையை மட்டும் கீழே இறக்கி, வேரிலிருந்து நுனிவரை சீவுங்கள். பிறகு அடுத்த கற்றை. கம்பிப்பல் வைத்த ஸ்லிக்கர் பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து எரியும், கை லேசாக இருக்கட்டும். கடைசியில் இரும்புச் சீப்பை எடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். எங்கேயும் தடுக்காமல் போனால்தான் வேலை முடிந்தது. அக்குள், தொடையிடுக்கு, வாலடி, கழுத்துப்பட்டை உரசும் இடம் ஆகியவற்றில் சீப்பு கட்டாயம் போக வேண்டும். சடை பிறப்பதே அங்கேதான். குட்டிப் பருவத்து முடி உதிர்ந்து வளர்ந்த நாயின் முடி வரும் மாதங்களில், நேற்று இல்லாத சிக்கு இன்று இருக்கும்.

அடுத்தது வரிசைப் பிசகு. சிக்கு இருக்கிறதே, குளிப்பாட்டினால் இளகிவிடும் என்று நேராகக் குளியலறைக்குத் தூக்கிப்போவது. நடப்பது நேர்மாறு. நனைந்த சிக்கு காயும்போது இன்னும் இறுகும். சிக்கெடுத்துவிட்டு, பிறகு குளியல்.

கத்தரிக்கோல் விஷயத்தில் எனக்கே ஒரு பாடம் உண்டு. எங்கள் ஷிட்சு இன நாயின் அக்குளில் இருந்த ஒரு சடையை 'சும்மா ஒரு வெட்டு' என்று கத்தரியை நுழைத்தேன். இறுகிய சடை தோலையும் சேர்த்து இழுத்து, கூடாரம்போல மேலே தூக்கி வைத்திருக்கும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அவள் கத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காயம் சின்னதுதான், ஆனால் அதற்குப்பின் பல வாரம் கத்தரியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இப்போது செய்வது இது: சடையின் அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், இழுப்பு தோலுக்குப் போகாது. கொஞ்சம் சோளமாவு தூவி, நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரிப்பேன். பிரியாத சடைக்கு கிளிப்பர்தான், அதாவது முடி வழிக்கும் மின்கருவி. அதன் பிளேடும் ஓடஓடச் சூடாகும், அவ்வப்போது மணிக்கட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெயில் வந்ததும் மொட்டை அடித்துவிடலாம் என்ற நினைப்பு எல்லா நாய்க்கும் பொருந்தாது. ஷிட்சு, மால்டீஸ் போன்றவற்றின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும், குட்டையாக வெட்டினால் பாதகமில்லை. பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு மேல்முடிக்குக் கீழே பஞ்சுபோன்ற உள்முடி தனியாக இருக்கிறது. ஒட்ட வழித்தால் தோலில் வெயில் நேராகப் படும். திரும்ப முளைக்கும் முடி திட்டுத்திட்டாக வரலாம், சிலவற்றுக்குப் பல மாதம் வராமலேயே போகலாம். இவற்றுக்குத் தேவை உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுப்பது.

நம் ஷாம்பூ நாய்க்கு வேண்டாம். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கம். அதைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது அலசுவதில். வயிற்றடியில் தங்கும் நுரைதான் மறுநாள் அரிப்பு. துண்டால் பரபரவென்று தேய்த்தால் புதுச் சிக்கு விழும், ஒற்றி எடுங்கள். டிரையரை மிதமான சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல், சீவிக்கொண்டே பிடியுங்கள். மேலே காய்ந்து அடியில் ஈரம் நின்றால் நாற்றம் மட்டுமல்ல, புண்ணும் வரும்.

காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாதீர்கள், அழுக்கு உள்ளேதான் போகும். கறுப்பு நகத்தைத் துளித்துளியாக வெட்டுங்கள். வெட்டிய பரப்பின் நடுவே கரும்புள்ளி தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்து இருப்பது ரத்தக்குழாய்.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்ப்பதும் வம்புதான். பத்து நிமிடம் போதும், நாய் நெளிய ஆரம்பிக்கும் முன்பே எழுந்துவிடுங்கள். ஆனால் சடை கம்பளிபோல் உடம்போடு ஒட்டி, எங்கே விலக்கினாலும் தோலே தெரியவில்லை என்றால், முடியைக் காப்பாற்றுகிறேன் என்று மணிக்கணக்கில் இழுத்து அதை வதைக்காதீர்கள். அது பழகிய கையால் ஒட்ட வழிக்க வேண்டிய நிலை. வழித்தபின் அடியில் சிவப்போ கசிவோ உண்ணியோ தெரிந்தால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.